ஆறு பேருக்கு ஒரு கோட்டு

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மளிகைக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் நாங்கள் ஆறு பேர் குடியிருந்தோம். ஆறு பேரும் கல்யாணமாகாதவர்கள். ஆறு பேருக்கும் எங்கேயாவது யாராவது பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பெண் வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குப் போய், கோட்டுப் போட்டு, மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் நின்று எடுக்க வேண்டும். இந்த ஊர் வெயிலுக்குக் கோட்டு எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால் கோட்டு. கோட்டு இல்லையென்றால் அவர் வேறு ஏதோ ஊர் மாப்பிள்ளை.

கோட்டின் சொந்தக்காரர் எங்களில் மூத்தவர். ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். நல்ல உயரம். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு அது. நடுப் பொத்தான் எப்போதோ விழுந்துவிட, கறுப்புப் பொத்தான்களுக்கு நடுவே வெள்ளைப் பொத்தான் ஒன்றை அவரே தைத்திருந்தார். அவரைக் கோட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கோட்டு ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். படம் வந்ததும் அவரிடம் ஒரு தடவை காட்ட வேண்டும், அது ஒன்றுதான் வாடகை. வாங்கிப் பார்த்து, "மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு," என்பார். வராதவர்களுக்கும் அதையேதான் சொல்வார்.

நான் நேர் எதிர். என் சோப்பைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். தலை எண்ணெயும் அதற்குள்ளேதான். சாவி இடுப்புக் கயிற்றில். ஒருமுறை யாரோ என் சீப்பை எடுத்துத் தலைவாரிவிட்டார்கள் என்று மூன்று நாள் அறையில் எவரோடும் பேசாமல் இருந்தேன். எனக்கு அப்போது மூக்குக்கு மேலே கோபம் வரும். நான் கொடுக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன், அதனால் எனக்கு யார் தயவும் தேவையில்லை என்று ஒரு திமிர்.

ஆனால் ஒரு ஆசை இருந்தது. வயது இருபத்தெட்டு. அம்மாவும் அப்பாவும் ஊரில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்து திரும்பினால், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஒரு மனுஷி இருக்கும் வீடு வேண்டும். அதற்காக ஏங்கினேன் என்றே சொல்லலாம். அறையில் ஐந்து பேர் தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஏனோ எனக்குக் காதில் விழவில்லை.

இரண்டு இடம் வந்து, "ஆள் சிடுமூஞ்சி" என்று யாரோ சொல்லித் தட்டிப் போயிருந்தது. மூன்றாவது இடத்தைக் கொண்டுவந்தவர் கீழே மளிகைக் கடைக்கார அம்மா. ஜாதகம் பொருந்திவிட்டது, படம் வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் நானும் கோட்டுக்கு நின்றேன்.

எனக்கும் கோட்டு அண்ணனுக்கும் முக்கால் அடி உயர வித்தியாசம். கோட்டு என் மேல் தொளதொளவென்று தொங்கியது. அவரே ஸ்டூடியோவுக்கு வந்தார். கைகளை உள்பக்கமாக மடித்து ஊசி குத்தினார். முதுகுப் பக்கம் மிச்சத் துணியையெல்லாம் கூட்டிப் பிடித்து, துணி காயப்போடும் மரக் கிளிப்பை வரிசையாக மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் எனக்கே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கத்துப் பொண்ணு தம்பி?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"புக்கிட் பாஞ்சாங். அப்பா ரயில் கேட் பார்க்கிறவரு. பொண்ணு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல டீச்சராம்."

கிளிப் மாட்டும் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கடைசிக் கிளிப்பையும் மாட்டிவிட்டு, என் தோளில் இல்லாத தூசியைத் தட்டினார். "நல்ல குடும்பம், தம்பி," என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மூச்சு விட்டால் கிளிப் தெறித்துவிடும் என்று அந்தக் கவலையில் இருந்தேன்.

படம் பிடித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாம் என்று சேதி வந்தது. மளிகைக் கடை அம்மா ஒரு குண்டையும் சேர்த்துப் போட்டார். "படத்துல இருக்கிற மாதிரியே வரச் சொன்னாங்க. கோட்டு முக்கியம்."

அறையே களத்தில் இறங்கியது. ஒருவர் தன் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஒருவர் கைக்கடிகாரம். ஒருவர் டை. தையல்கடையில் வேலை செய்தவர், "கோட்டைக் குடுங்க, கையை மடிச்சு நல்லாத் தச்சுத் தர்றேன்," என்று ஊசியோடு நின்றார். "என் வேலையை நானே பார்த்துக்கிறேன்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, கைக்கு நாலு ஓட்டுத் தையல் நானே போட்டுக்கொண்டேன். பிறகு பெட்டியைத் திறந்து, என் சோப்பை எடுத்துக் குளித்துவிட்டு, மறுபடியும் பூட்டினேன்.

எனக்கு இங்கே சொந்தபந்தம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று ஒருவராவது வர வேண்டாமா? கோட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் டியூட்டி, வயிறு சரியில்லை, தலைவலி என்று வரிசையாகக் காரணம் சொன்னார். "நீங்களும் வரலைன்னா நான் அநாதைப் பய மாதிரிதான் போய் நிக்கணும்," என்று கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான், கோட்டு அண்ணன், தையல்காரர், மளிகைக் கடை அம்மா. குயின் ஸ்ட்ரீட்டில் பஸ் ஏறினோம். உச்சி வெயிலில், கம்பளிக் கோட்டில், அந்த நீளமான சாலையில் நான் வெந்ததை என் சத்துருவுக்குக்கூட விரும்ப மாட்டேன். தையல்காரர் வழி நெடுக மளிகைக் கடை அம்மாவின் விசிறியை வாங்கி எனக்கு விசிறிக்கொண்டே வந்தார். "போதும், எல்லாரும் பார்க்கிறாங்க," என்று அவரையும் கடிந்துகொண்டேன்.

புக்கிட் பாஞ்சாங் அப்போது கம்பம், அதாவது கிராமம். ரயில் பாதையை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடு, வாசலில் ரம்புத்தான் மரம். பெண்ணின் அப்பா காக்கி உடையிலேயே எங்களை வரவேற்றார். கேசரி வந்தது, வடை வந்தது. அப்புறம் காப்பித் தட்டோடு அவள் வந்தாள்.

குனிந்த தலை நிமிராமல் வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வகுப்புக்குள் நுழையும் டீச்சர் மாதிரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் தட்டை நீட்டினாள். நான் டம்ளருக்குக் கை நீட்டினேன். பட்டென்று ஒரு சத்தம். என் ஓட்டுத் தையல் அறுந்து, கோட்டுக் கை சரசரவென்று இறங்கி என் விரல்களையெல்லாம் மூடிக்கொண்டது. அதன் நுனி காப்பியில் முங்கியது.

அவள் சிரிப்பை விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கோட்டு உங்களோடதுதானா?" என்று கேட்டாள்.

"ஏய்," என்று அவள் அம்மா அதட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கோட்டு அண்ணன் முந்திக்கொண்டார். "அவரோடதுதாங்க. தச்சப்போ நல்லா சதையா இருந்தாரு. மெஸ் சாப்பாடு பாருங்க, இளைச்சுட்டாரு."

"ஆமாங்க, நான்தான் அளவெடுத்துத் தச்சேன்," என்று தையல்காரரும் கூசாமல் சொன்னார்.

"இளைச்சா கையும் குட்டையாயிடுமா?"

மளிகைக் கடை அம்மாவே சிரித்துவிட்டார். அவள் உள்ளே போய், ஒரு படத்தை எடுத்துவந்து பெஞ்சின் மேல் வைத்தாள். "இந்தக் கோட்டு போன வருஷமே எங்க வீட்டுக்கு வந்துடுச்சு," என்றாள்.

அதே படிக்கட்டுத் திரை. அதே வெள்ளைப் பொத்தான். கோட்டுக்குள் இருந்தவர் கோட்டு அண்ணன். அவருக்கு அது எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். போன வருஷம் ஆஸ்பத்திரி நண்பர் ஒருவர் மூலம் அவருடைய ஜாதகமும் படமும் இந்த வீட்டுக்கு வந்திருக்கின்றன. ஜாதகம் சேரவில்லை. ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் படத்தை மறந்துவிட்டார்கள். இவ்வளவும் தெரிந்துதான் அந்த மனிதர் என் முதுகில் கிளிப் மாட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் வீட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. "ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்டலா," என்றார், கூரையைப் பார்த்தபடியே. "எனக்கு ஜாதகம்தானே சேரல. வீடு நல்ல வீடு. நமக்கு இல்லாட்டியும் நம்ம ரூம்ல ஒருத்தனுக்குக் கிடைக்கட்டுமேன்னு பார்த்தேன்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சீப்பை எடுத்ததற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் நான். இவர் தனக்குக் கிடைக்காத இடத்துக்கு என்னைத் தன் கோட்டுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். இப்போது எனக்காகப் பொய்யும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து நின்றேன். பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "ஐயா, கோட்டு இவரோடது. சப்பாத்து, கடிகாரம், டை எல்லாம் ரூம்ல இருக்கிற மத்தவங்களோடது. குளிச்சுட்டு வந்த சோப்பு மட்டும்தான் என்னோடது. அதை நான் யாருக்கும் குடுத்ததில்ல."

பெண்ணின் அப்பா சட்டென்று எழுந்தார். சுவரில் இருந்து எதையோ உருவிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மளிகைக் கடை அம்மா மெதுவாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோட்டு அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மூன்றாவது இடமும் போயிற்று, இனி அந்த வீடும் "சாப்பிட்டீங்களா"வும் எனக்கு இல்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவளை மட்டும் ஒருமுறை பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

அப்போது டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கின. பெரிய விசில் சத்தம். வீடே குலுங்க, ஜன்னலுக்கு வெளியே ரயில் தடதடத்துப் போனது. பெட்டிகள் போய் முடிந்ததும் பார்த்தால், கேட்டின் பக்கத்தில் பச்சைக் கொடியோடு அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

கேட்டைத் திறந்துவிட்டு வந்தார். கொடியைச் சுவரில் செருகினார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மாத்தாள் இன்னிக்கு வரல. எங்க விட்டீங்க தம்பி? சோப்பு வரைக்கும் கேட்டேன்."

முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் அவள் அம்மா. அப்புறம் எல்லாரும். நானும் சிரித்தேன், அழுகை வராமல் இருப்பதற்காக.

சிரிப்பு அடங்கியதும் அவர் கோட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு மனசுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இன்னும் கொஞ்சம் கேசரி வச்சா சரியாயிடும்ங்க," என்றார் கோட்டு அண்ணன்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று மகளைக் கேட்டார்.

"ரெண்டு படத்துலயும் ஒரே பொத்தான். திருடின கோட்டா, குடுத்த கோட்டான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். குடுத்ததுதான்னா எனக்குச் சம்மதம்ப்பா."

"கோட்டையா கட்டிக்கப் போற?" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியை நானும் கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் கேட்டேன். என்ன நம்பிக்கையில் சம்மதித்தாய் என்றேன். "உங்களைப் பார்த்தா முடிவு பண்ணினேன்? உங்ககூட வந்தவங்களைப் பார்த்துத்தான். ஒரு ஆளுக்காக ரெண்டு பேர் இவ்வளவு கூசாமப் பொய் சொல்றாங்கன்னா, அந்த ஆள்கிட்ட ஏதோ இருக்கணும்லா. தேடிப் பார்க்கலாம்னு வந்தேன். இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள்.

கல்யாணம் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் நடந்தது. ஐந்து பேரும் பந்தி பரிமாறினார்கள். கோட்டு அண்ணன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கோட்டுதான். "ரூம்ல எலித் தொல்லை. இனி வீடுன்னு ஒண்ணு இருக்கிறவன்கிட்டதான் இது இருக்கணும். யாராவது கேட்டா இல்லைன்னு சொல்லிடாத," என்றார். சோப்புக்குப் பூட்டுப் போட்டவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அந்தப் பூட்டை என் மனைவி முதல் வாரமே கழற்றி, பக்கத்து வீட்டு மலாய் அம்மாவின் கோழிக்கூண்டுக்குக் கொடுத்துவிட்டாள். கோழிகளுக்காவது உபயோகப்படட்டும் என்றாள்.

கோட்டைக் கேட்டு வந்தவர்கள் நிறைய. அறையின் மற்ற நால்வரும் ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு அந்த அறைக்குப் புதிதாக வந்தவர்கள், அவர்களுடைய நண்பர்கள், முன்பின் தெரியாதவர்கள். அறுபதுகளில் குயின்ஸ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குப் போன பிறகும் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வருகிறவரை முதலில் உட்காரவைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி கோட்டை எடுப்பாள். அவரவர் கைக்குத் தக்கபடி மடித்து, அறுந்துபோகாத தையலாகப் போடுவாள். ஸ்டூடியோவுக்குக் கூடப் போவது என் வேலை. சட்டைப் பையில் எப்போதும் கிளிப் இருக்கும். அன்பு என்றால் ஏதோ பெரிய காரியம், அதற்கெல்லாம் நமக்கு வசதி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். முதுகுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் மாட்டுகிற நாலு மரக் கிளிப்பில் அது இருந்தது. அதைக் கண்டுகொண்ட பிறகு நான் சந்தோஷமாக இருந்தேன். கோபம் மட்டும் முழுக்கப் போகவில்லை.

கேட்டு வராதவர் ஒருவர்தான். கோட்டு அண்ணனுக்கு நாலைந்து இடம் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஜாதகம்தான் குறுக்கே நின்றது. நாற்பதைத் தாண்டியதும், "விடு தம்பி," என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு இருந்தது. ஆனாலும் அவர் சாப்பிட்டு முடித்துப் படியிறங்கிப் போகும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். அவர் வீட்டை நான் எடுத்துக்கொண்டேனோ என்று ஒரு நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டு தடவை காப்பி குடித்தார். மழை வருமா வராதா என்று பேசினார். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"தம்பி, கோட்டு சும்மாதான் இருக்கா?"

"யாருக்குண்ணே?"

அவர் கூரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்தது. நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ். நம்ம தமிழ் ஆளுங்கதான், வேதக்கோயிலுக்குப் போற கிறிஸ்தவங்க," என்றார். "ஜாதகம் பார்க்கிற வழக்கமே அவங்க வீட்ல இல்லையாம்லா. அவங்க அம்மா ஒரு படம் மட்டும் கேட்டாங்க."

என் மனைவி கோட்டை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கை மடிப்பில் அத்தனை வருஷமாகப் போட்டிருந்த தையல்களையெல்லாம் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்துணி முழுக்க ஊசி ஓட்டைகள், ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொருவருடைய கையளவு. வெள்ளைப் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது, அதை இறுக்கித் தைத்தாள். தேய்த்து முடித்து நீட்டியபோது அவள் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அதே ஸ்டூடியோ. படிக்கட்டுத் திரை வெளுத்துப்போயிருந்தது. கோட்டு அண்ணன் போய் நின்றார். பழக்கத்தில் நான் கிளிப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். முதுகில் கூட்டிப் பிடிப்பதற்கு ஒரு விரற்கடைத் துணிகூட இல்லை. கை சரியாக மணிக்கட்டில் நின்றது.

"சார், நகருங்க," என்றார் படம் எடுப்பவர்.

கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எட்டி, அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டேன்.

"நல்ல குடும்பம்ணே," என்றேன்.